பௌசே வென்றது புயலால் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் பழைய வெற்றியாளர்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வரும் தொடரை விடாமல் படித்துவருகிறேன். அண்மையில் 1926-ஆம் ஆண்டு வென்ற பெல்ஜிய வீரர் லூசியன் பௌசேயின் முறை வந்தது. ஆவலோடு எடுத்துப் படித்தேன். படித்து முடித்ததும் எரிச்சல்தான் மிஞ்சியது.

கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்: பந்தயத்தின் நடுவே கைக்குழந்தையான மகள் இறந்த செய்தி வருகிறது, தந்தை அழுதுகொண்டே மிதிக்கிறார், மலையில் புயல் அடிக்கிறது, மற்றவர்கள் விழ, துக்கத்தின் வேகத்தில் இவர் மட்டும் பறந்துபோய் மகுடம் சூடுகிறார். போதாக்குறைக்கு அவரை இந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெல்ஜியர் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் பெல்ஜியத்தில் கென்ட் நகரில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் வேலை செய்கிறேன். பௌசே பிறந்த வொன்டர்கெம் கிராமமும் அவர் இறந்த டெய்ன்ஸ ஊரும் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கடைக்கு வரும் கிழவர்கள் பலரும் பழைய பந்தய வீரர்களைப் பற்றிச் சொந்த மாமன் மச்சானைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவார்கள். அந்தப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு, அவற்றை நூல்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, எனக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஆகவே இந்தக் கடிதம் கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'முதல் பெல்ஜியர்' விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். முதல் பெல்ஜியர் ஓடில் டெஃப்ரே. வென்ற ஆண்டு 1912. அதன் பிறகு ஃபிலிப் டைஸ் 1913, 1914 என்று அடுத்தடுத்து வென்றார். போர் முடிந்து 1919-இல் ஃபிர்மின் லாம்போ, 1920-இல் மறுபடி டைஸ், 1921-இல் லெயோன் சியோர், 1922-இல் மறுபடி லாம்போ. போரால் நடக்காமல் போன ஆண்டுகளை விட்டுவிட்டால், தொடர்ந்து 7 முறை பெல்ஜியர்களே பிரான்ஸ் நாட்டின் பந்தயத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1923-இல் ஆன்ரி பெலிசியே வென்றபோது அந்த நாடே பெருமூச்சு விட்டது. பௌசே அந்த வரிசையில் எட்டாவது வெற்றியைக் கொண்டுவந்தவர். திருத்தம் ஒன்று வெளியிட்டால் நல்லது.

என் உண்மையான வருத்தம் வேறு. ஒரு மனிதன் தன் தொழிலில் பன்னிரண்டு ஆண்டுகள் பாடுபட்டுச் சம்பாதித்த வெற்றியை, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக ஆக்கிவிட்டீர்கள். புயல் வந்தது, துக்கம் வந்தது, வெற்றி வந்தது என்றால் பௌசே எங்கே போனார்?

அவர் பிறந்தது 1892 செப்டம்பரில். வீட்டில் சைக்கிள் பந்தயம் குலத்தொழில் மாதிரி ஆகிவிட்டிருந்தது. டூர் பல நாட்கள், பல கட்டங்களாக நடக்கும் பந்தயம்; எல்லாக் கட்டங்களின் மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். அண்ணன் மார்செல் 1913 டூரில் 6 கட்டங்களை வென்றும் மூன்றாவதாகத்தான் வர முடிந்தது. அடுத்த ஆண்டு, எங்கள் பெல்ஜியப் பகுதியின் பெயரால் நடக்கும் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தை வென்றார். தம்பி ஜூல்ஸும் பந்தயக்காரர். லூசியன் முதன்முதலாக டூரில் கலந்துகொண்டது 1914-இல். அந்தப் பந்தயம் பாரிஸில் புறப்பட்ட நாள் ஜூன் 28. அதே நாளில்தான் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்றார்கள். பௌசே அந்த முறை பாரிஸ் வரை வந்து சேரவில்லை. பந்தயம் முடிந்த சில நாட்களில் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்துவிட்டது.

அடுத்த நான்கு ஆண்டுகள் ஃபிளாண்டர்ஸ் மண் என்ன ஆயிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை. ஈப்ர், டிக்ஸ்மௌடா ஆகிய ஊர்கள் தரைமட்டமாயின. டூரை வென்றவர்களிலேயே ஃபிரான்ஸ்வா ஃபாபர், ஒக்தாவ் லாபிஸ், லூசியன் பெத்தி-பிரெத்தோன் ஆகிய மூவரையும் அந்தப் போர் விழுங்கியது. பௌசே உயிரோடு இருந்தார். ஆனால் ஒரு பந்தயக்காரனுக்குக் கால் முறுக்கேறும் வயது இருபத்தொன்றிலிருந்து இருபத்தாறு. அந்த ஆண்டுகள் அவருக்குக் கிடைக்கவே இல்லை. 1919-இல் டூர் மறுபடி தொடங்கியபோது குண்டு விழுந்து பள்ளமான சாலைகளில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் புறப்பட்டு, முடித்தவர்களாகக் கணக்கில் வந்தவர்கள் வெறும் 10 பேர். பௌசே அந்தப் பத்தில் இல்லை.

அடுத்த ஆண்டு பாரிஸ்–ரூபே பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். பிறகு 1923 டூரில் எட்டாவது. 1924-இல் மூன்றாவது. 1925-இல் இரண்டாவது. 1926-இல் முதல். இந்த நான்கு எண்களை மட்டும் வரிசையாகப் பார்த்தாலே, தற்செயல் என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போய்விடும். 1925-க்கும் 1926-க்கும் இடையில் புயல் ஒன்றுதான் வித்தியாசம் என்றால், எட்டிலிருந்து இரண்டுக்கு எந்தப் புயல் அவரைத் தூக்கிவந்தது?

இங்கேதான் தங்கள் கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாத ஆள் வருகிறார்: ஒத்தாவியோ பொட்டேக்கியா. இத்தாலியில் கொத்தனார் வேலை பார்த்த ஏழை. டூரை வென்ற முதல் இத்தாலியர். 1924-இல் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை முன்னிலையில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையைக் கழற்றாமலே வென்றவர். அவரும் பௌசேயும் ஆட்டோமோட்டோ என்ற சைக்கிள் தயாரிப்பு நிறுவனத்தின் குழுவில் ஓட்டினார்கள். 1925-இல் பொட்டேக்கியா மறுபடி வென்றார் என்றால், அதில் பாதிக் கால் பௌசேயுடையது என்று தைரியமாகச் சொல்லலாம்.

சைக்கிளில் வேகமாகப் போகும்போது காற்றுதான் பெரிய எதிரி. முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கிறான். அவன் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டு வருபவனுக்குக் கணிசமாக உழைப்பு மிச்சம். ஒரு நாளில் 350 கிலோமீட்டர், அதிலும் கடலோரக் காற்றில் என்றால், யார் எவ்வளவு நேரம் முன்னால் இருந்தார் என்பதிலேயே பந்தயம் முடிவாகிவிடும். பௌசே முன்னால் இருந்தார், பொட்டேக்கியா பின்னால். இப்படி இன்னொருவருக்குக் காற்றை வாங்கிக்கொண்டே போய், நடுவில் 2 கட்டங்களையும் வென்று, ஒட்டுமொத்தத்தில் இரண்டாவது இடத்தையும் பிடித்தார். முதலாமவருக்கும் அவருக்கும் இடைவெளி 54 நிமிடம். வேலைக்காரனாக ஓடியே இரண்டாவது வருகிறவன், தன் கணக்குக்கு ஓடினால் என்ன ஆவான் என்று அப்போதே யாராவது கேட்டிருக்க வேண்டும்.

அந்தக் காலத்து இயந்திரத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. இது என் தொழில். இன்று கைப்பிடியில் ஒரு பொத்தானைத் தட்டினால் செயின் ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. டூரில் இந்தக் கியர் மாற்றும் கருவிகளை 1937 வரை வீரர்கள் பயன்படுத்த விடவில்லை. கருவி இல்லாமல் இல்லை. சுற்றுலாப் பயணிகள் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பந்தயத்தை உருவாக்கிய ஆன்ரி டெக்ராஞ்ச், அதெல்லாம் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு உரியது என்று எழுதிய மனிதர். ஆகவே வீரர்கள் என்ன செய்தார்கள்? பின்சக்கரத்தின் ஹப்பில் இரண்டு பக்கமும் பல்சக்கரம் வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் சின்னது, சமவெளிக்கு. மறுபக்கம் பெரியது, ஏற்றத்துக்கு. மலையடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டும். உச்சியில் மறுபடி இறங்கி, மறுபடி திருப்ப வேண்டும்.

எங்கள் கடையில் அந்தக் காலத்துப் பந்தய சைக்கிள் ஒன்றைச் சீராக்கித் தரும்படி ஒருவர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதன் அச்சில் ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே திருகக்கூடிய, இரண்டு இறக்கை வைத்த நட்டுகள் இருந்தன. இரண்டையும் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளிச் செயினை இறக்கி, சக்கரத்தை உருவித் திருப்பி நுழைத்து, செயினை மறுபக்கப் பல்லில் ஏற்றி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துச் செயின் தொய்வை எடுத்து, நேராக இருக்கிறதா என்று கண்ணால் அளந்து, நட்டுகளை இறுக்க வேண்டும். சற்றுச் சாய்ந்தாலும் டயர் சட்டகத்தில் உரசும். சற்றுத் தளர்ந்தாலும் மிதித்த மிதிக்குச் சக்கரமே பிடுங்கிக்கொள்ளும். அந்த நட்டின் இறக்கை மெல்லிய தகடு. உலர்ந்த கையால், வெளிச்சத்தில், மேசைக்குப் பக்கத்தில் நின்று திருகினாலே விரல் நுனியில் பதிந்து வலிக்கிறது. இதைக் குளிரில் மரத்துப்போன விரல்களோடு, சேறு அப்பிய நட்டில், மழை கண்ணில் இறங்கும்போது செய்தார்கள். கால் வலிமையோடு கைப்பழக்கமும் கேட்கும் பந்தயம் அது. தோளில் குறுக்கும் நெடுக்குமாக உபரி டயர் வேறு சுற்றியிருப்பார்கள். பஞ்சரானால் தானே கழற்றித் தானே ஒட்டி மாட்ட வேண்டும்.

இப்போது 1926. ஜூன் 20 முதல் ஜூலை 18 வரை, 17 கட்டங்களில் 5,745 கிலோமீட்டர். டூரின் வரலாற்றிலேயே மிக நீளமானது இதுதான். இன்றுவரை யாரும் தாண்டவில்லை, தாண்டவும் மாட்டார்கள். முந்தைய ஆண்டு 18 கட்டங்கள், 5,440 கிலோமீட்டர். கட்டத்தைக் குறைத்து தூரத்தைக் கூட்டினார் டெக்ராஞ்ச். ஒரு கட்டத்துக்குச் சராசரி 338 கிலோமீட்டர். முதன்முறையாகப் பாரிஸை விட்டு, ஆல்ப்ஸ் அடிவாரத்தில் ஏரிக்கரையில் உள்ள எவியான் ஊரிலிருந்து புறப்பட்டார்கள். வடக்கே மெட்ஸ், டன்கிர்க், அங்கிருந்து கடலோரமாகவே பிரெஸ்ட் வரை போய்த் தெற்கே இறங்கி, பிரனீஸ் மலை, மத்தியதரைக் கடலோரம், ஆல்ப்ஸ் என்று நாட்டின் விளிம்பை ஒட்டியே ஒரு வட்டம். புறப்பட்டவர்கள் 126 பேர். இவர்களில் எந்த நிறுவனத்தின் ஆதரவும் இல்லாமல் வந்த தனியாட்களும் உண்டு. நாளெல்லாம் ஓட்டிவிட்டு, தங்க இடமும் சாப்பாடும் அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். அவர்களைப் பற்றி யாரும் தொடர் எழுதுவதில்லை.

முதல் கட்டத்தை வென்று மஞ்சள் சட்டை போட்டது யார் தெரியுமா? தம்பி ஜூல்ஸ் பௌசே. ஒரே ஆண்டில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேருக்கு மஞ்சள் சட்டை. இதைத் தங்கள் கட்டுரையாளர் எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

மூன்றாவது கட்டம் மெட்ஸிலிருந்து டன்கிர்க் வரை, 433 கிலோமீட்டர். அந்தச் சமயத்தில்தான் குழந்தை இறந்துவிட்ட செய்தி லூசியனுக்கு வந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தவரை, தொடர்ந்து ஓட்டும்படி குடும்பத்தாரே சொன்னார்கள். நமக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்தத் தந்தையின் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்தவர் எவரும் இல்லை. தங்கள் கட்டுரையாளர் புகுந்து பார்த்திருக்கிறார். ஒவ்வொரு மிதியிலும் மகளின் முகம் தெரிந்ததாம். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வரியைப் படித்தபோது கோபம்தான் வந்தது. இன்னொருவர் வீட்டு இழவைக் கடன் வாங்கி நம் பத்தியை ஈரமாக்கிக்கொள்ளலாமா?

சரி, உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். செய்தி வந்தது மூன்றாவது கட்டத்தில். அந்தக் கட்டத்தில் மஞ்சள் சட்டையை எடுத்துக்கொண்டவர் இன்னொரு பெல்ஜியர், குஸ்தாவ் வான் ஸ்லெம்ப்ரூக். ஒன்பதாவது கட்டம் வரை அவரே வைத்திருந்தார். துக்க வெறிதான் பௌசேயை ஓட்டியது என்றால், நான்காவது கட்டத்திலேயே அவர் வெடித்துக் கிளம்பியிருக்க வேண்டாமா? லெ ஹாவ்ர், ஷெர்பூர், பிரெஸ்ட் என்று இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் அவர் அவசரப்படவே இல்லை. சமவெளியில் நிமிடக் கணக்கில் பின்தங்கினாலும் மலையில் மணிக்கணக்கில் வாங்கிவிடலாம் என்று தெரிந்த தொழில்காரன் காத்திருப்பது போலக் காத்திருந்தார். முந்தைய மூன்று ஆண்டுகள் இதே மலைகளில் பொட்டேக்கியாவோடு ஏறியவர். எந்த வளைவில் யாருக்கு மூச்சு வாங்கும் என்று அறிந்தவர். துக்கம் அவருக்குள் இருந்திருக்கும். அதை மறுக்க நான் யார்? ஆனால் துக்கம் இப்படி நாள் பார்த்துக் கணக்குப் போட்டுக் காத்திருக்காது.

அந்த நாள் ஜூலை 6. பத்தாவது கட்டம், பேயோனிலிருந்து லூஷோன் வரை 326 கிலோமீட்டர். பிரனீஸ் மலைத்தொடரின் பெரிய கணவாய்கள் ஓபிஸ்க், டூர்மலே, அஸ்பான், பேர்சூர்ட் ஆகியவை வரிசையாக அந்த ஒரே கட்டத்தில். அதற்கும் முன்னால் ஓஸ்கிஷ் என்ற சிறிய ஏற்றம் தனி. 76 பேர் நள்ளிரவில் புறப்பட்டார்கள். மழை கொட்டியது, குளிர் எலும்பில் ஏறியது. அந்த மலைச்சாலைகளில் தார் கிடையாது, கல்லும் மண்ணும்தான். மழையில் மண் கரைந்து, மேலே இருந்து வழிந்து, சாலை எது ஓடை எது என்று தெரியாமல் போயிற்று. ஏறும்போதாவது உழைப்பில் உடம்பு சூடாக இருக்கும். இறக்கத்தில்தான் கொடுமை. நனைந்த சட்டையோடு காற்றை நேராக வாங்கிக்கொண்டு, சேறு படிந்த ரிம்மில் பிடிக்காத பிரேக்கை நம்பிக் கீழே பாய வேண்டும்.

முதலில் முன்னால் போனவர்கள் வேறு சிலர். பௌசே அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்தார். கடைசிக் கணவாய்களில் அவருக்கு முன்னால் யாரும் இல்லை. லூஷோனை அடைந்தபோது மாலை ஐந்து மணி தாண்டிவிட்டது. 17 மணி 12 நிமிடம் சைக்கிள் மேல். இரண்டாவதாக வந்த இத்தாலியர் பார்த்தொலொமெயோ ஐமோ ஏறத்தாழ 26 நிமிடம் கழித்துத்தான் வந்தார். மாலை ஆறு மணிக்கு வந்து சேர்ந்தவர்கள் பத்துப் பேர்தான் என்று சொல்வார்கள். அமைப்பாளர்கள் பயந்துபோய், மற்றவர்களைத் தேடி மலைக்குக் கார்களை அனுப்பினார்கள். சிலர் அந்த வழியில் வந்த வண்டிகளில் ஏறி வந்ததாகவும், அதைக் கண்டும் காணாமல் விட்டதாகவும் கதை உண்டு. விதி என்றால் விதி என்று குதிக்கும் டெக்ராஞ்சே அன்று கால வரம்பைத் தளர்த்தினார். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரே நாளில் பந்தயத்தை விட்டு வெளியேறினார்கள்.

வெளியேறியவர்களில் ஒருவர் பொட்டேக்கியா. முந்தைய இரண்டு ஆண்டுகளின் வெற்றியாளர், பௌசே யாருக்காகக் காற்றை வாங்கினாரோ அந்த மனிதர், அந்த மலையில் நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் டூரில் ஓடவே இல்லை. அடுத்த ஆண்டு இத்தாலியில் ஒரு சாலையோரத்தில் அடிபட்டுக் கிடந்தவரை எடுத்துப்போனார்கள். சில நாட்களில் இறந்துபோனார். அடித்தது யார் என்பது இன்றுவரை விளங்காத வழக்கு. கட்டுரைக்குக் கண்ணீர் வேண்டும் என்றால் இங்கே கொஞ்சம் சிந்தியிருக்கலாம்.

புயல்தான் வெற்றி தந்தது என்பவர்களுக்கு அடுத்த கட்டத்தைக் காட்டினால் போதும். லூஷோனிலிருந்து பெர்பிஞான், 323 கிலோமீட்டர், மறுபடி மலை. அதையும் வென்றவர் பௌசே. அந்த நாளுக்கு எந்தப் புயலைக் காரணம் காட்டுவீர்கள்? அதன் பிறகு 6 கட்டங்கள் மிச்சம். அவற்றில் ஒன்றையும் அவர் வெல்லவில்லை, வெல்லத் தேவையும் இல்லை. தன் முன்னிலையைக் காபந்து செய்துகொண்டு, டயரையும் உடம்பையும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டு பாரிஸ் வந்து சேர்ந்தார். மொத்த நேரம் 238 மணி 44 நிமிடம் 25 விநாடி. லக்சம்பர்க்கின் நிக்கொலா ஃப்ரான்ட்ஸ் 1 மணி 22 நிமிடம் பின்னால். ஐமோ அவரைவிட அரை நிமிடத்துக்கும் குறைவாகப் பின்தங்கி மூன்றாவது. புறப்பட்ட 126 பேரில் பாரிஸைப் பார்த்தவர்கள் 41 பேர். அந்த ஆண்டு ஒரு கட்டத்தைக்கூட எந்தப் பிரெஞ்சுக்காரரும் வெல்லவில்லை. அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பௌசேக்கு அப்போது வயது 33.

இங்கே பத்திரிகைக்காரர்களாகிய உங்களிடம் சற்று உரிமையோடு பேசலாம் என்று நினைக்கிறேன். இந்தப் பந்தயத்தைப் பெற்றெடுத்ததே ஒரு பத்திரிகை ஆசிரியர்தான். டெக்ராஞ்ச் நடத்திய விளையாட்டு நாளிதழ் மஞ்சள் தாளில் அச்சானது. விற்பனையைக் கூட்டத்தான் 1903-இல் டூரைத் தொடங்கினார்கள். 1919-இல் வந்த மஞ்சள் சட்டையும் அந்தத் தாளின் நிறம்தான் என்பார்கள். ஃபிளாண்டர்ஸ் பந்தயமும் அப்படியே. 1913-இல் அதைத் தொடங்கியவர் காரல் வான் வைனன்டாலெ, அவரும் விளையாட்டுப் பத்திரிகை எழுத்தாளர். சேற்றிலும் மழையிலும் பல்லைக் கடித்துக்கொண்டு போகும் ஏழை ஃபிளாண்டர்ஸ் இளைஞன் என்ற படத்தை ஊரார் மனத்தில் பதித்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் படம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் பத்திரிகைக்குப் புயல் தேவை, சாவு தேவை, கண்ணீர் தேவை. சக்கரத்தைத் திருப்பி மாட்டும் விரல்களைப் பற்றி எழுதினால் பிரதி விற்காது. பந்தயத்தை வடிவமைத்தவர்களே அதை விற்பனைக்காக வடிவமைத்தார்கள். 338 கிலோமீட்டர் சராசரியில் ஒரு மனிதனை மிதிக்க வைத்துவிட்டு, அவன் பட்ட பாட்டைத் தலைப்பாகப் போட்டுக் காசு பார்த்தார்கள். நூறு ஆண்டு கழித்து நாமும் அதே தலைப்பையே மறுபடி அச்சிடுகிறோம்.

டெக்ராஞ்சுக்கே அந்த ஆண்டு திருப்தி இல்லை. சமவெளியில் எல்லாரும் கும்பலாகச் சேர்ந்து போய்க் கடைசியில் மட்டும் விரைகிறார்கள் என்று குறைப்பட்டார். 1927-இல் கட்டங்களை 24 ஆக்கி, பல கட்டங்களில் ஒவ்வொரு குழுவையும் தனித்தனி நேரத்தில் புறப்படச் செய்தார். மிக நீளமான டூர் ஒரே ஆண்டோடு முடிந்துபோனதற்கு அவருடைய இந்த அதிருப்தியும் ஒரு காரணம். பௌசே அதன் பிறகு டூரில் முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறவில்லை.

அவர் 1980 ஜனவரியில், 87 வயதில் இறந்தார். பெல்ஜியரான எடி மெர்க்ஸ் 5 முறை டூரை வென்றதையும், 1976-இல் இன்னொரு லூசியன், லூசியன் வான் இம்பே, வென்றதையும் அவர் உயிரோடு இருந்து பார்த்தார். எங்கள் கடைக்கு வரும் ஒரு பெரியவர், தம் தந்தை அவரை டெய்ன்ஸ பக்கம் பார்த்துப் பேசியிருக்கிறார் என்பார். புயலைப் பற்றிக் கேட்டதற்கு, பிரேக் கட்டைகளைப் பற்றித்தான் பதில் சொன்னாராம். இதற்குச் சாட்சி ஒன்றும் கிடையாது, கடைப் பேச்சுதான். ஆனால் எனக்கு நம்பத் தோன்றுகிறது.

தொடரை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. தமிழில் இந்தப் பந்தயத்தைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. தங்கள் பத்திரிகை எழுதுகிறது என்பதே எனக்கு மகிழ்ச்சி. அடுத்ததாக 1921-ஐ வென்ற லெயோன் சியோரைப் பற்றி எழுதுவீர்கள் என்று அறிவித்திருந்தீர்கள். அவர் கண்ணாடி வேலை பார்த்தவர். பக்கத்து வீட்டு நண்பர் போன்ற லாம்போதான் அவரை இந்தத் தொழிலுக்கு இழுத்துவந்தார். சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகள் முறிந்துபோனதால், அந்த உடைந்த சக்கரத்தை முதுகில் கட்டிக்கொண்டு சுமார் 300 கிலோமீட்டர் ஓட்டினார், பல்சக்கரம் குத்திய தழும்பு பல ஆண்டுகள் முதுகில் இருந்தது என்ற கதையைத்தான் தங்கள் கட்டுரையாளர் முதலில் எடுப்பார். தாராளமாக எடுக்கட்டும். ஆனால் அவர் ஏன் அதைச் சுமந்தார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். சரிசெய்ய முடியாத அளவுக்கு உடைந்தால்தான் சக்கரத்தை மாற்றலாம் என்பது விதி. உடைந்ததைக் கண்ணால் பார்க்க அந்த இடத்தில் அதிகாரி யாரும் இல்லை. ஆகவே சாட்சிப் பொருளைச் சுமந்துகொண்டு போய்க் காட்ட வேண்டியதாயிற்று.

இப்படிக்கு,
சைக்கிள் மெக்கானிக் ஒருவர்,
கென்ட், பெல்ஜியம்.